நாற்பத்து மூன்று வீடுகள்

ஜம்புநாதன் சாரைப் பற்றி யார் கேட்டாலும் நான் நல்லதாகத்தான் சொல்வேன். சொன்ன கையோடு ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்து போய்விடுவேன். அவரைப் பற்றிய பேச்சு நீண்டால் அது என்னிடம் வந்து சேரும் என்று எனக்குத் தெரியும். இந்த முறை எழுந்து போவதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் மாயவரத்துக்காரர். இருபத்து நாலாவது வயதில் புனேவுக்கு வந்து, அரசாங்கப் புள்ளிவிவர அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, ராஸ்தா பேட்டில் இரண்டு அறை வீடு பிடித்து, சாவித்ரி மாமியோடு குடித்தனம் நடத்தி, ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து, அதே வீட்டிலிருந்து ஓய்வும் பெற்றார். இவ்வளவோடு நிறுத்தினால் புனேவில் இருந்த ஆயிரம் தமிழ் குமாஸ்தாக்களில் ஒருவர் என்று ஆகிவிடும். அவரிடம் தனியாக இருந்தது ஒரு திறமை. பொய்க் குடும்பங்களைக் கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

கணக்கெடுக்க அனுப்பப்படும் ஆட்களில் எல்லாரும் வீடு வீடாகப் போவதில்லை. சிலர் வெயிலுக்குப் பயந்து மரத்தடியில் உட்கார்ந்து, தாங்களாகவே கணவன் மனைவி பிள்ளை குட்டிகளை உண்டாக்கி, படிவத்தை நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். அந்தப் படிவங்களைப் பிடிப்பதுதான் சாருக்கு வேலை. சாத்தாரா, சோலாப்பூர், அகமத்நகர் என்று முப்பது வருஷம் பஸ்ஸிலும் மாட்டு வண்டியிலும் அலைந்திருக்கிறார். நிஜமான கிராமத்தில் ஜனங்கள் வயதை முப்பது, நாற்பது, ஐம்பது என்று முழுசாகத்தான் சொல்வார்களாம். முப்பத்தொன்று, முப்பத்தேழு, நாற்பத்து நாலு என்று அழகழகாக வந்தால் அது மரத்தடியில் பிறந்த கிராமம். மழைக்காலத்தில் எடுத்த கணக்கில் ஒரு சேற்றுக்கறைகூட இல்லை என்றால் சந்தேகப்பட வேண்டும். இதையெல்லாம் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், பாட்டுக் கச்சேரிக்குப் போய்வந்தவர் மாதிரி இருப்பார்.

ஓய்வு பெற்று இரண்டு வருஷம் வீட்டில் இருந்தார். அவர் அடுக்களைக்குள் வந்து பருப்பு டப்பாவில் இருக்கும் பருப்பையும் சரிபார்க்க ஆரம்பித்ததும், மாமியே அவரை வேலை தேடச் சொல்லித் துரத்தினாராம். அப்படித்தான் 1994-ல் கர்வே ரோட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் டேட்டா என்ட்ரி சென்டருக்கு வந்தார். பத்து கம்ப்யூட்டர், பத்துப் பெண்கள், ஒரு செக்கர், மேலே முதலாளி காளே சாகேப். கல்லூரிகளும் ஆராய்ச்சிக் கூடங்களும் கட்டுக் கட்டாகப் படிவங்கள் அனுப்பும். நாங்கள் எண்களாக அடிப்போம். சார் சரிபார்ப்பார்.

நான் இரண்டு வருஷம் கழித்துச் சேர்ந்தேன். புனேவிலேயே கட்கியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் தொழிலாளி, பூர்வீகம் குடியாத்தம். பள்ளியில் படித்தது மராத்தி. அப்பா வாங்கி வரும் வாரப் பத்திரிகைகளில்தான் தமிழ் படித்தேன். முதல் நாள் சார் என் பெயரைப் பார்த்துவிட்டு, "தமிழா? வாம்மா, இந்த ஆபீஸ்ல நானும் ஒரு வாய் தமிழ் பேசலாம்" என்றார். மற்றப் பெண்களை 'பேட்டி', மகளே, என்று இந்தியில் கூப்பிட்டவர் என்னை மட்டும் 'பார்வதி' என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சனிக்கிழமை தோறும் வாசல் வண்டியில் சோளபாக்ரி ரொட்டியும் மிளகாய்த் தேச்சாத் துவையலும் வாங்கி, எனக்குப் பாதி கொடுத்துத் தானும் சாப்பிடுவார். கிராமம் கிராமமாக அலைந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட ருசி. "மாமிகிட்ட மூச்சு விட்டுடாதே" என்பார். நான் விடவில்லை.

1997 நவம்பரில் நமூலி வந்தாள். உகாண்டாக்காரி. ஊரிலுள்ள ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் மக்கள்தொகைப் படிப்பில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். இரண்டு தகரப் பெட்டிகளைத் தன் கையாலேயே மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். ரிக்‌ஷாக்காரன் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டானாம். பெட்டிக்குள் ஆயிரத்து நூற்று நாற்பது வீடுகள். மசாக்கா என்ற அவள் ஜில்லாவில், வாத்தியார் வேலை பார்க்கும் தம்பியை வைத்துக்கொண்டு ஆறு மாதம் நடந்து சேர்த்த படிவங்கள். எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், பெற்றவர்கள் உயிரோடு இருக்கிறார்களா, இல்லையென்றால் யார் வளர்க்கிறார்கள், இதுதான் அவள் ஆராய்ச்சி. அந்த வருஷங்களில் அவள் ஊரில் எய்ட்ஸ் வந்து நடுவயதுக்காரர்களை வாரிக்கொண்டு போயிருந்தது.

அப்படிப் போயும் அந்த நாடு வளர்ந்துகொண்டே இருந்தது. 1991 கணக்கில் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் பேர். அதில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் பதினைந்து வயதுக்குக் கீழே. ஒரு பெண்ணுக்குச் சராசரி ஏழு பிள்ளை. சார் எந்த ஊர்க் கணக்கு வந்தாலும் வயதுவாரியாகக் கோபுரம் மாதிரி ஒரு படம் கிராஃப் தாளில் வரைவார். கீழே குழந்தைகள், உச்சியில் கிழவர்கள். உகாண்டாவுக்கு வரைந்தபோது அடிவரிசை தாளுக்குள் அடங்கவில்லை. இரண்டு பக்கமும் காகிதம் ஒட்ட வேண்டியிருந்தது. "என்னடி இது, ஊரா பள்ளிக்கூடமா!" என்று சிரித்தார். நாங்கள் எல்லாரும் வந்து பார்த்துச் சிரித்தோம். நாம் இருவர் நமக்கு இருவர் என்று சுவரெல்லாம் எழுதிவைத்த நாட்டில் வளர்ந்தவர்கள் இல்லையா? நிறையப் பிள்ளை பெறுகிறவர்களைக் கண்டால் எங்களுக்கு ஓர் இளக்காரம். என் அம்மாவோடு பிறந்தவர்கள் ஒன்பது பேர் என்பதை நான் அந்த ஆபீஸில் யாரிடமும் சொன்னதில்லை.

வியாழக்கிழமை தோறும் நமூலி வருவாள். படிவத்தில் ஏதாவது புரியாவிட்டால் கேட்கலாம் என்று சார் மேஜைக்கு நாலடி தூரத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். யாரும் அதிகம் கேட்டதில்லை. மத்தியானம் நானும் அவளும் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அவளுக்குக் காய்கறிச் சந்தையில் கற்ற இந்தி, எனக்கு அரைகுறை இங்கிலீஷ். என்னைப் 'பாரு' என்று கூப்பிட்டாள். ஊரில் நாலு வயதுப் பெண் குழந்தையை அம்மாவிடம் விட்டு வந்திருந்தாள். ஜூன் முப்பதாம் தேதியோடு உதவித்தொகை முடிகிறது. அதற்குள் ஆய்வை ஒப்படைத்தால் ஊரில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை காத்திருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. இதை எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறாள். ஒருநாள் அவளை வீட்டுக்குக் கூட்டிப் போகட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "அதெல்லாம் கூட்டினு வராத. லைன் வூட்டுல எல்லாரும் வந்து நின்னு பாப்பாங்க" என்றாள் அம்மா. பள்ளிக்குப் போகையில் என்னையே 'காளி', கறுப்பி, என்று கூப்பிட்ட தொழிற்சாலைக் குடியிருப்பு லைன் அது. நான் கூட்டிப் போகவில்லை.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை. ஏழாவது கட்டு அடித்துக்கொண்டிருந்தேன். பெயர்களை நாங்கள் அடிப்பதில்லை, எண்களை மட்டும்தான். ஆனால் கண் பெயரின் மேல் போகாமல் இருக்குமா? ஒரு வீட்டில் அம்மா பெயர் நலொங்கோ, அப்பா சலொங்கோ. பிள்ளைகளில் இரண்டு பேருக்கு ஒரே வயது, பபிரியே, நகாத்தோ. இதை எங்கேயோ பார்த்தோமே என்று பழைய கட்டைப் பிரித்தேன். அங்கேயும் ஒரு நலொங்கோ. அங்கேயும் பபிரியே, நகாத்தோ. இன்னொன்றில் வஸ்வா, காத்தோ, அவர்களுக்கும் ஒரே வயது, அம்மா நலொங்கோ.

"சார், இந்த நலொங்கோ அம்மா எத்தினி வீட்ல சார் இருக்குது?"

சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். இருவருமாக எல்லாக் கட்டுகளையும் பிரித்தோம். நாற்பத்து மூன்று படிவங்கள். நாற்பத்து மூன்றிலும் அதே அம்மா, அதே அப்பா, அதே நாலு பெயர்களில் இரண்டு பிள்ளைகள். முப்பத்தெட்டை எழுதியவர் நமூலியின் தம்பி.

"ரெட்டைப் புள்ளைங்களா இருக்குமோ சார்?" என்றேன். கேட்டது நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"ரெட்டை பொறக்கட்டும், வேண்டாங்கலை. நாப்பத்து மூணு ரெட்டைக்கும் பெத்தவ பேர் ஒண்ணா இருக்குமாடி? மரத்தடியில உக்காந்துண்டு ஒரே குடும்பத்தை நாப்பத்து மூணு தடவை பெத்துப் போட்டிருக்கான் அந்த வாத்தியார்! புதுப் பேர் யோசிக்கக்கூட சோம்பல்." என் முதுகில் தட்டினார். "முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒருத்தர் பிடிச்சு நான் பார்த்ததில்லே. பலே!"

என்னை அதுவரை யாரும் பலே என்று சொன்னதில்லை. கன்னம் சூடாகிவிட்டது.

"நமூலியைக் கேக்கலாமா சார்?"

"கேட்டா என்ன சொல்லுவா? தம்பியை விட்டுக் குடுப்பாளா? அந்த ஊர்ல ஒரு வீட்டுல எத்தனை குழந்தைன்னு அவாளுக்கே தெரியாது, நமக்கு வந்து சொல்லப் போறாளாக்கும்."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

திங்கட்கிழமை நமூலியின் பேராசிரியருக்குக் கடிதம் போயிற்று. சார் சொல்லச் சொல்ல நான்தான் டைப் செய்தேன். நாற்பத்து மூன்று படிவங்கள் கற்பனையானவை, களப்பணி முழுவதுமே நம்பத் தகுந்ததாக இல்லை. சார் கையெழுத்துப் போட்டார். காளே சாகேப் என்னைக் கூப்பிட்டு, ஏப்ரலிலிருந்து உன்னை உதவி செக்கராக்குகிறேன் என்றார். வீட்டுக்குப் போகும் வழியில் அரைக் கிலோ பேடா வாங்கினேன்.

அந்த வியாழக்கிழமை நமூலி சிரித்துக்கொண்டே வந்தாள். கடிதம் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. மாடிப்படியில் உட்கார்ந்ததும் ஊரிலிருந்து வந்த நீலக் கடிதத்தைப் பிரித்துக் காட்டினாள். தம்பி மனைவிக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்திருந்தன. "இனி என் தம்பியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், பாரு. சாகும்வரை அவன் சலொங்கோ. அவள் நலொங்கோ. இரட்டையர் பெற்றவர்களுக்கு எங்களிடம் அதுதான் பெயர், பெரிய மரியாதை அது. குழந்தைகளுக்கும் பெயர் தேட வேண்டாம். பெண்ணென்றால் மூத்தவள் பபிரியே, இளையவள் நகாத்தோ. ஆணென்றால் வஸ்வா, காத்தோ. அடுத்துப் பிறப்பது கிஸா. உங்களிடம் இப்படி ஏதாவது உண்டா?"

எங்கள் லைனில் இரட்டைப் பையன்கள் இருந்தார்கள். ராமன், லட்சுமணன். அடுத்த லைனிலும் ஒரு ராமன், லட்சுமணன். நான் அவளிடம், "இல்லை" என்றேன். சாப்பாட்டு டப்பாவை மூடினேன்.

அப்போதே எழுந்து உள்ளே போய் சாரிடம் சொல்லியிருக்க வேண்டும். பத்துப் படிதான். கடிதம் போய் மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ஒரு போன் போட்டு நிறுத்தியிருக்கலாம். நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்று எனக்கு நானே பல விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சின்னப் பெண், பயம், அப்பாவுக்கு ஓவர்டைம் நின்றுபோயிருந்தது. எல்லாம் உண்மைதான். ஆனால் முதல் காரணம் அந்த 'பலே'. அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்புறம் அடுத்த வாரம் என்று நினைத்தேன். அவளாகவே சொல்லிச் சரிசெய்துகொள்வாள் என்றும் நினைத்தேன்.

அந்த இடைவெளியில்தான், மூன்றாவது வாரம், ஆராய்ச்சி நிலையத்தின் குழு கூடியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூடும் குழு. கடிதத்தைப் படித்துவிட்டு நமூலியின் ஆய்வை ஒதுக்கி வைத்தார்கள். தரவு பொய் என்று செக்கர் எழுதியிருக்கிறார், அவர் திரும்பப் பெற்றால் அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று சொன்னார்கள். அடுத்த கூட்டம் அக்டோபரில்.

மறுநாள் காலை நமூலி நேராக சார் மேஜைக்கு வந்தாள். பெஞ்சில் உட்காரவில்லை. "எந்த வீடுகள் பொய் என்று எனக்குக் காட்டுங்கள்" என்றாள் இங்கிலீஷில்.

சார் அலமாரியைத் திறந்து நாற்பத்து மூன்றையும் எடுத்து, ஜெயித்த சீட்டுகளைப் போடுவதுபோல மேஜையில் பரப்பினார். நமூலி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கோபத்தில் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒரு படிவத்தை எடுத்து, "இந்த வீட்டில் எனக்கு வாழைக்காய் மசித்துக் கொடுத்தார்கள்" என்றாள். இன்னொன்றை எடுத்து, "இவர்களுக்குக் கூரை கிடையாது, சர்ச்சில் படுக்கிறார்கள்" என்றாள். அப்புறம் எனக்குப் படியில் சொன்னதையெல்லாம், அதே வரிசையில், நிதானமாக அவரிடம் சொன்னாள்.

சார் முகம் மாறியது. உடனே நம்பினார் என்று சொல்ல மாட்டேன். முப்பது வருஷம் சமாதானங்களைக் கேட்டே பழகியவர். என் பக்கம் திரும்பினார். "பார்வதி, நீதானே முதல்ல பார்த்தே. இவ சொல்ற மாதிரி ஒரு வழக்கம் இருக்குன்னு உனக்கு ஏதாவது தெரியுமா? நீ அவளோட பேசுவியே?" என்றார் தமிழில்.

"எனக்குத் தெரியாது சார்" என்று தலையை இல்லையென்று ஆட்டினேன்.

நமூலிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தலையாட்டுவது எல்லா ஊரிலும் ஒன்றுதானே? என்னைப் பார்த்தாள். 'நான் உன்னிடம் சொன்னேனே' என்று அவள் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

சார் அன்றும் மறுநாளும் சாப்பிட எழுந்திருக்கவில்லை. ஆயிரத்து நூற்று நாற்பது படிவங்களையும் முதலிலிருந்து பிரித்தார். என்னை உதவிக்குக் கூப்பிடவில்லை. நாற்பத்து மூன்று வீடுகளிலும் இரட்டையருக்கு அடுத்த குழந்தை இருந்தால் அதன் பெயர் கிஸாவாகவே இருந்தது. அதுவும் அவருக்குப் போதவில்லை, எழுதுகிறவன் அதையும் எழுதலாம் என்று முணுமுணுத்தார். சனிக்கிழமை சாயங்காலம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "பார்வதி, இங்க வா" என்றார். முன்னால், இரட்டையாக இல்லாததால் அன்று எங்கள் கண்ணில் படாத வேறு பத்தொன்பது படிவங்கள் தனியாக இருந்தன. அந்த வீடுகளில் நகாத்தோ மட்டும் இருந்தாள், பபிரியே இல்லை. அல்லது வஸ்வா இருந்தான், காத்தோ இல்லை. 'பிறந்து இறந்த குழந்தைகள்' என்ற கட்டத்தில் ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒன்று என்று எழுதியிருந்தது.

"மரத்தடியில உக்காந்து எழுதறவன் குழந்தைகளைப் பெத்துப்பான். சாக விடமாட்டான்" என்றார். "இந்தப் பத்தொன்பதையும் யாரும் இட்டுக்கட்ட முடியாது. எல்லாம் நிஜம். நான் கேக்கலை. நாலடி தூரத்துல உக்காந்திருந்தா, வாயைத் திறந்து கேக்கலை." கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். அறுபத்து நாலு வயது மனிதர். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அப்போதும் சொல்லியிருக்கலாம்.

திங்கட்கிழமை அவர் கடிதத்தைத் திரும்பப் பெற எழுதினார். காளே சாகேப் படித்துவிட்டுக் கொதித்தார். சென்டர் பேர் கெட்டுவிடும், ஆபரேட்டர் செய்த பிழை என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், பார்வதிக்கு ஒரு மெமோ கொடுத்துக்கொள்ளலாம் என்றார். சார் மறுத்துவிட்டார். ஆபரேட்டர் என்ற சொல்லே அந்தக் கடிதத்தில் இல்லை. 'இது முழுக்க என் அறியாமையாலும், அதைவிட என் அகம்பாவத்தாலும் நேர்ந்தது' என்று இங்கிலீஷில் தன் கைப்பட எழுதி, ஆராய்ச்சி நிலையத்துக்குத் தானே பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த வாரமே காளே சாகேப் அவரை வீட்டில் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார். மே மாதம் அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். உதவி செக்கர் இல்லை, செக்கர்.

குழுவைத் தனியாகக் கூட்ட விதி இடம் கொடுக்கவில்லை. ஜூன் கடைசியில் நமூலி ஊருக்குப் போனாள். விரிவுரையாளர் வேலை வேறொருவருக்குப் போயிற்று. பட்டம் கடைசியில் 2000-ல்தான் கிடைத்தது என்று கேள்விப்பட்டேன். நான் அவளை வழியனுப்பப் போகவில்லை. போகாததற்கு அன்று ஆபீஸில் வேலை அதிகம் என்று ஒரு காரணம் வைத்திருந்தேன்.

அதன்பின் புனே கிடுகிடுவென்று மாறியது. பாணேரில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன. எங்கள் சென்டரும் அங்கே இடம் பெயர்ந்தது. எனக்குக் கல்யாணம் ஆனது, ஒரு மகன் பிறந்தான். நான் நல்ல செக்கர் என்று பெயர் எடுத்தேன். சந்தேகம் வந்தால் படிவக்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்டுவிட வேண்டும் என்று புதுப் பெண்களுக்குக் கற்றுக்கொடுப்பேன். அவர்கள் என்னைப் பெரிய நியாயஸ்தி என்று நினைத்தார்கள்.

2004-ல் சாருக்குச் சர்க்கரையால் கண் பார்வை போய்விட்டது என்று கேள்விப்பட்டு ராஸ்தா பேட்டுக்குப் போனேன். ஆறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. "வாடி பார்வதி, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று மாமி காப்பி கொண்டுவந்தார். சார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். குரலைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"மாமிக்கு இங்கிலீஷ் வராது. நீ ஒரு தடவை வாசி. நமூலி போட்டது."

அவர்கள் ஆறு வருஷமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. வாசித்தேன். அவள் ஜில்லா அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். 2002-ல் அவர்கள் நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில் அவள் பகுதிக்கு அவள்தான் மேற்பார்வை. நாடு இரண்டு கோடியே நாற்பது லட்சத்தைத் தாண்டிவிட்டது, உங்கள் கிராஃப் தாளுக்கு இன்னும் காகிதம் ஒட்ட வேண்டும் மிஸ்டர் ஜம்பு என்று கேலியாக எழுதியிருந்தாள். தம்பி மகள்கள் இருவரும் பள்ளிக்கூடம் போகிறார்கள். கடைசி வரி: 'பாரு எப்படி இருக்கிறாள்? சந்தோஷமாக இருக்கிறாளா?'

அந்த வரியை வாசிக்க முடியவில்லை. நிறுத்திவிட்டேன். பிறகு சொன்னேன். "சார், அன்னிக்கு நீங்க கேட்டப்ப எனக்குத் தெரியும் சார். அவ படியில ஒக்காந்து எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லியிருந்தா. கமிட்டி கூடறதுக்கு முன்னாடியே. நான் வாயத் தொறக்கல."

"தெரியும்" என்றார் சார்.

கடிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன்.

"மன்னிப்புக் கேக்க அவ ஹாஸ்டலுக்குப் போனேன். அப்பச் சொன்னா, உங்க ஆபீஸ் பொண்ணுகிட்ட நான் சொன்னேனேன்னு. காளேகிட்ட சொல்லப் போறேன்னு எழுந்துட்டேன். அவதான் கையைப் பிடிச்சு உக்கார வெச்சா. வேண்டாம், பாருவுக்கு அந்த வேலை வேணும், அவ வீட்டுல பணக் கஷ்டம்னு சொன்னா. நீயா வந்து சொல்லுவேன்னு ரெண்டு பேரும் நினைச்சோம். அவ ஒவ்வொரு லெட்டர்லயும் உன்னைக் கேப்பா. நான் ஒவ்வொரு தடவையும், இன்னும் வரலேன்னு எழுதுவேன்."

மாமி அடுக்களையிலிருந்து, "காப்பி ஆறிப் போறதுடி" என்றார். எடுத்துக் குடித்தேன்.

"அட்ரஸ் அதுலயே இருக்கு. எடுத்துண்டு போ. ரெண்டு வரி எழுதிப் போடு" என்றார் சார். இரண்டு வருஷம் கழித்து, 2006 ஜூலையில், அவர் போய்விட்டார். அந்தச் செய்தியையும் மாமி சொல்லி வேறு யாரோதான் நமூலிக்கு எழுதினார்கள்.

முகவரி என்னிடம் இருக்கிறது. எத்தனையோ முறை இங்கிலீஷில் 'டியர் நமூலி' என்று ஆரம்பித்துக் கிழித்துப் போட்டிருக்கிறேன். இன்று இவ்வளவையும் தங்குதடையில்லாமல் எழுதிவிட்டேன். எப்படி முடிந்தது என்று யோசித்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. தமிழில் எழுதினால் அவளால் படிக்க முடியாது.